தசைக்கும் உண்டு விட்ட குறை தொட்ட குறை

சித்திரை பிறந்து ஓரிரு நாள் கழிந்ததும் இராமநாதபுரம் ஜில்லாவின் கடற்கரையில் ஓர் அமைதி குடிகொண்டுவிடுகிறது. இராமேசுவரம், பாம்பன், மண்டபம் முதலிய துறைகளில் விசைப் படகுகள் வரிசை வரிசையாக நங்கூரமிட்டு நிற்கின்றன. மீன்கள் இனம் பெருக்கும் பருவத்தில் அவற்றுக்கு இடையூறு நேரலாகாது என்று தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் 2001-ஆம் ஆண்டு முதல் விசைப் படகுகளின் தொழிலுக்குத் தடை விதிக்கப்பட்டு வருகிறது. ஆதியில் 45 நாட்களாயிருந்த இத்தடை, 2017 முதல் 61 நாட்களாக நீடிக்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நம்முடைய கணக்கில் சொன்னால், ஏறக்குறையச் சித்திரை, வைகாசி ஆகிய இரண்டு மாதங்களும்.

அந்த இரண்டு மாதமும் கடலோடிகள் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை. படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், சாயம் பூசுவார்கள், வலையின் கிழிசலைப் பின்னிச் சரிசெய்வார்கள். ஆயினும், அலையில் ஆடும் தட்டின் மீது கால் ஊன்றி நின்று வலை வாங்குவதும், பனிக்கட்டியும் மீனும் நிறைந்த பெட்டிகளைத் தூக்கித் தூக்கி வைப்பதும் நின்றுபோய்விடுகின்றன. ஆனி பிறந்ததும் அவை யாவும் ஒரே நாளில் திரும்பத் தொடங்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் தோள் கடுக்கும், உள்ளங்கை எரியும். அதன் பிறகு? புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன் மாதக்கணக்கில் பட்டுத் தெளிய வேண்டிய பாட்டைப் பழகிய உடம்பு சில தினங்களில் கடந்துவிடுகிறது.

கரைவலை இழுப்போரிடமும் இதே கதைதான். இராமேசுவரம் தீவின் வடபுறத்துப் பாக் நீரிணையைப் 'பெண்கடல்' என்றும், தென்புறத்து மன்னார் வளைகுடாவை 'ஆண்கடல்' என்றும் அவ்வூரார் அழைப்பது வழக்கம். வாடை வீசும்போது ஒரு கடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்று வீசும்போது மற்றொன்று சீறும். காற்றும் கடலும் இடங்கொடுத்த காலத்திலேதான் மணலில் குதிகாலைப் புதைத்து, இருபுறமும் அணிவகுத்து நின்று, அம்பாப் பாட்டின் தாளத்துக்கு ஏற்பக் கயிற்றை இழுக்க முடியும். ஆகவே, விட்டு விட்டு உழைப்பதும், விட்டதை மீண்டும் பிடிப்பதும் அக்கரையில் வாழ்வோருக்குத் தலைமுறை தலைமுறையாக ஏற்பட்ட நியதி.

இதை நாம் இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடற்கரையார் தங்கள் தொழிலில் கண்டறிந்திருக்கும் ஓர் உண்மையை நம் பட்டணத்து வாலிபர்கள் அறியாமல், சிலர் வீணாக மனமொடிகிறார்கள்; வேறு சிலர் வீணாக ஏமாறுகிறார்கள்.

"போனது போனதுதான்" என்னும் ஏக்கம்

நம் வீடுகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. பையன் இரண்டு ஆண்டு காலம், இக்காலத்தில் 'ஜிம்' என்று அழைக்கப்படும் தேகப் பயிற்சிச் சாலைக்குத் தவறாமல் போய் வருகிறான். மார்பு விரிகிறது, தோள் திரள்கிறது, தாயாருக்குப் பெருமை, தகப்பனாருக்குச் செலவு. பிறகு பரீட்சை வருகிறது. அல்லது உத்தியோகம் வெளியூரில் கிடைக்கிறது. அல்லது கல்யாணம், குழந்தை, காய்ச்சல் என்று ஏதேனும் ஒன்று குறுக்கிடுகிறது. ஆறு மாதம் ஓடிவிடுகிறது. கண்ணாடியின் முன் நின்று பார்க்கிறான். பழைய சட்டை தோளில் தொளதொளவென்று தொங்குகிறது. "அவ்வளவு பாடும் பாழ். இனி முதலிலிருந்து தொடங்க யாரால் ஆகும்?" என்று பெருமூச்சு விட்டு, அந்த எண்ணத்துக்கே முழுக்குப் போட்டுவிடுகிறான்.

2020-ஆம் ஆண்டு கொள்ளை நோய்க் காலத்தில் இந்த அனுபவம் தேசம் முழுவதற்குமே ஏற்பட்டது. மார்ச் மாதத்தில் மூடிய பயிற்சிச் சாலைகள் ஆகஸ்டு மாதத்திலேதான் மெல்லத் திறக்கத் தொடங்கின. திறந்த பின்னும் பலர் திரும்பிப் போகவில்லை. பயம் ஒரு பக்கம். "எல்லாம் கரைந்துவிட்டதே" என்ற ஏக்கம் மறுபக்கம்.

ஆனால், திரும்பிப் போனவர்கள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். முதன்முதலில் ஓராண்டு உழைத்துச் சேர்த்த சதைக் கட்டு, இரண்டாம் முறை சில வாரங்களுக்குள் திரும்பி வந்தது. சென்ற ஜன்மத்து உறவு இந்த ஜன்மத்திலும் வந்து ஒட்டிக்கொள்வதை 'விட்ட குறை தொட்ட குறை' என்று நம் பெரியோர் கூறுவதுண்டு. தசைக்கும் அத்தகைய விட்ட குறை ஒன்று இருப்பதாகவே தோன்றுகிறது. இது வெறும் பிரமையா, உண்மையா? உண்மையானால் காரணம் என்ன?

முதல் வாரத்து வேலையாட்கள் மூவர்

பளு தூக்கத் திரும்பியவனுக்கு ஆரம்பத்தில் காணும் அபிவிருத்தி ஒருவர் செய்யும் வேலையன்று. மூவர் கூடிச் செய்யும் வேலை. அவர்களைத் தனித் தனியே அறிந்துகொள்வது நலம்.

முதலாமவர் நரம்பு. ஒரு பாரத்தைத் தூக்கும்போது தசை இழைகள் யாவும் ஒருமிக்க வேலை செய்வதில்லை. எந்த இழையை எப்பொழுது எழுப்புவது என்பதை மூளையும் முதுகுத் தண்டும் பழகிப் பழகித்தான் கற்கின்றன. புதிதாகப் பயிற்சி தொடங்குவோருக்கு முதல் சில வாரங்களில் ஏற்படும் பலம் பெரும்பாலும் இந்த நரம்புப் பழக்கத்தால் விளைவது, தசை பருப்பதால் அன்று என்பதை 1979-இல் மொரிட்டானி, டிவ்ரீஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் எடுத்துக் காட்டினார்கள். சைக்கிள் விடக் கற்றவன் பத்தாண்டு கழித்து ஏறினாலும் விழுவதில்லை அல்லவா? அதுபோலவே, கற்ற பாடத்தை நரம்பு எளிதில் கைவிடுவதில்லை.

இரண்டாமவர் நீர். தசை தன் அவசரச் செலவுக்காக ஒருவகை மாச்சர்க்கரையைச் சேமித்து வைக்கிறது. 'கிளைக்கோஜன்' என்பது அதன் பெயர். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் சுமார் மூன்று கிராம் நீர் ஒட்டிக்கொண்டு நிற்கும். பயிற்சியை விட்டால் இச்சேமிப்புக் குறைகிறது. தொட்டதும் ஒரு வாரத்துக்குள் நிரம்புகிறது. ஆகவே, முதல் வாரத்தில் தோள் 'புசுபுசு'வென்று பருத்ததாகத் தோன்றுவதில் ஒரு பங்கு, காலிப் பானை நிரம்பியதால் ஏற்பட்ட தோற்றமே. பயிற்சியை விட்ட இரண்டு வாரத்தில் உடம்பு வற்றியதாகத் தோன்றுவதும் இவ்வாறே. அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

மூன்றாமவரே மெய்யான கொத்தனார். அவர்தாம் தசை இழையைப் பருக்கச் செய்பவர். அவரிடத்திலேதான் இந்த விட்ட குறையின் இரகசியம் அடங்கியிருக்கிறது.

மணியக்காரர்கள் ஊரை விட்டுப் போவதில்லை

தசை என்பது ஒரே சதைப் பிண்டமன்று. மயிரிழையைப் போன்ற மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் கட்டுக்கட்டாகச் சேர்ந்ததே தசை. சரீரத்திலுள்ள ஜீவ அணுக்களில் பெரும்பாலானவை ஒவ்வோர் உட்கருவையே உடையவை. தசை இழையோ நூற்றுக்கணக்கான உட்கருக்களைத் தன்னுள் கொண்டது. புரதத்தைத் தயாரிக்கக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரி இந்த உட்கருவே. ஒரு மணியக்காரர் ஓர் எல்லைக்குட்பட்ட கிராமத்தைத்தானே கவனிக்க முடியும்? ஊர் பெரிதாக வேண்டுமானால் மணியக்காரர்களின் தொகையும் பெருக வேண்டும். கடும் பயிற்சியின்போது, இழையின் ஓரமாக ஒட்டிக் கிடக்கும் துணை அணுக்கள் உள்ளே கலந்து புதிய உட்கருக்களைத் தருகின்றன.

சரி, பயிற்சியை விட்டதும் ஊர் சுருங்குகிறது. அப்போது புதிதாக வந்த மணியக்காரர்கள் என்ன ஆகிறார்கள்? "வேலையில்லாதவர்கள் கலைந்துபோவார்கள்" என்றே பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். நார்வே தேசத்து ஆஸ்லோ நகரில் குண்டர்ஸன் என்னும் விஞ்ஞானியும் அவருடைய கூட்டத்தாரும் சுண்டெலிகளிடம் இதைச் சோதித்து 2010-இல் வெளியிட்டார்கள். எலியின் காலில் ஒரு தசைக்கு வேலையை அதிகமாக்கினார்கள். முதலில் உட்கருக்கள் பெருகின. அதன் பின்னரே இழை பருத்தது. பிறகு அத்தசைக்குரிய நரம்பைத் துண்டித்து வேலையை நிறுத்தினார்கள். இழை பரிதாபமாக மெலிந்தது. ஆனால் உட்கருக்களின் தொகையோ குறையவில்லை! மூன்று மாதம் கழிந்தும் அவை அங்கேயே இருந்தன. எலியின் அற்ப ஆயுளில் மூன்று மாதம் என்பது நெடுங்காலமல்லவா? ஊர் சுருங்கிற்று, மணியக்காரர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. மறுபடி வேலை வந்ததும் ஆள் தேட வேண்டிய அவசியமில்லாமற் போயிற்று.

மனிதர்களிடமும் இவ்வாறே உட்கருக்கள் நிலைத்து நிற்கின்றனவா என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேற்றுமை உண்டு. சில சோதனைகளில் நிற்கின்றன, சிலவற்றில் குறைகின்றன. ஆனால் தசையின் ஞாபகத்துக்கு உட்கருவின் தொகை ஒன்றே ஆதாரமன்று என்பது 2018-இல் தெரியவந்தது. இங்கிலாந்தின் கீல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஷார்ப்பிள்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் எட்டு ஆடவர்களை ஏழு வாரம் பளு தூக்கச் செய்தார்கள். ஏழு வாரம் சும்மா இருக்கச் செய்தார்கள். மீண்டும் ஏழு வாரம் தூக்கச் செய்தார்கள். முதற் பயிற்சியின் முடிவில் காலின் கொழுப்பற்ற சதை நூற்றுக்கு சுமார் 6.5 பங்கு கூடிற்று. ஓய்வில் பெரும்பாலும் குறைந்துவிட்டது. மறு பயிற்சியின் முடிவிலோ ஆரம்ப நிலையைக் காட்டிலும் சுமார் 12 பங்கு கூடிற்று. அதே ஏழு வாரம்; பலனோ ஏறத்தாழ இரட்டிப்பு. உட்கருவினுள் உள்ள மரபணுக்களின் மீது இரசாயன முத்திரைகள் சில உண்டு. முதற் பயிற்சியில் கழன்ற முத்திரைகளில் சில, ஓய்வுக் காலத்திலும் திரும்ப ஒட்டவில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஒருமுறை திறந்த பெட்டி பூட்டப்படாமலே சாத்தியிருந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

பின்லாந்து தேசத்து யுவாஸ்கலா சர்வகலாசாலையில் செய்த ஒரு பரீட்சை 2024-இல் வெளியாயிற்று. நம் பரீட்சைக் கால வாலிபர்களுக்கு இதைவிட ஆறுதல் தரும் செய்தி வேறில்லை. ஒரு கூட்டத்தார் இருபது வாரம் இடைவிடாமல் பயின்றார்கள். மற்றொரு கூட்டத்தார் பத்து வாரம் பயின்று, பத்து வாரம் விட்டு, பின்னும் பத்து வாரம் பயின்றார்கள். முடிவில் இரு கூட்டத்தாருக்கும் பலத்திலும் தசையிலும் கண்ட முன்னேற்றம் ஒத்திருந்தது. விட்டவர்கள் திரும்பி வந்த முதல் ஐந்து வாரத்துக்குள்ளாகவே இழந்ததைப் பெரும்பாலும் மீட்டுக்கொண்டார்கள். நம் கடலோடிகளின் 61 நாள் ஓய்வு ஒன்பது வாரத்துக்குச் சற்றுக் கீழ் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

ஒரு மாதத்தில் பீமனாகலாமா?

இனி, ஏமாறுகிறவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை. இதுவே நாம் இக்கட்டுரையை எழுத முக்கியமான காரணம்.

கைபேசியைத் திறந்தால் விளம்பரம் வந்து விழுகிறது. இடப்பக்கம் ஒட்டிய கன்னமும் ஒடுங்கிய மார்புமாக ஒருவன். வலப்பக்கம் அதே ஆசாமி, கர்லாக்கட்டை சுழற்றும் மல்லனைப் போல. "முப்பதே நாளில்!" என்று கொட்டை எழுத்து. கீழே ஏதோ ஒரு டப்பா. அதில் ஏதோ ஒரு பொடி. விலையைப் பார்த்தால் ஒரு குடும்பத்தின் மாதத்து மளிகைச் செலவு.

இந்த வித்தையின் மூலத்தை அறிய 1973-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ இராஜ்ய சர்வகலாசாலையில், ஆர்தர் ஜோன்ஸ் என்பவருடைய மேற்பார்வையில் காஸி வியேட்டர் என்னும் இளைஞர் 28 நாள் பயிற்சி செய்தார். அந்த 28 நாட்களில் அவருடைய எடை 45 பவுண்டுக்கு மேல் கூடியதாகவும், கொழுப்புக் கரைந்ததையும் சேர்த்துக் கணக்கிட்டால் 63 பவுண்டு தசை வளர்ந்ததாகவும் பறைசாற்றப்பட்டது. உலகம் மூக்கின் மேல் விரலை வைத்தது. ஜோன்ஸோ தேகப் பயிற்சி இயந்திரங்களைத் தயாரித்து விற்பவர். வியாபாரம் சும்மா இருக்குமா?

ஆனால் வியேட்டர் யார்? 1971-இலேயே 'மிஸ்டர் அமெரிக்கா' பட்டம் பெற்றவர். பின்னர் ஒரு விபத்தில் கைவிரலை இழந்து, சிகிச்சைக்காகப் போட்ட ஊசி மருந்தும் ஒவ்வாமல் உடம்பு மெலிந்திருந்தவர். அந்த 28 நாட்களில் அவர் புதிதாகச் சம்பாதித்தது சொற்பம். முன்பு சம்பாதித்து இழந்ததைத் திரும்பப் பெற்றதே அதிகம். பாங்கியில் முன்னமே போட்டு வைத்த பணத்தை வாங்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்து, "ஒரே நாளில் இவ்வளவு சம்பாதித்துவிட்டாரே!" என்று வியப்பதற்கு இது ஒப்பாகும்.

விளம்பரத்து வலப்பக்கப் படத்தைக் காணும்போதெல்லாம் நம் வாசகர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: "இவன் முன்னமே பயின்று விட்டவனா, இல்லையா?" இந்தக் கேள்விக்கு டப்பாவின் மீது விடை இராது. பயின்று விட்டவன் பொடி தின்றாலும் தின்னாவிட்டாலும் முதல் மாதத்தில் மளமளவென்று தேறியிருப்பான். அந்தப் படத்தை நம்பி, பயிற்சியே அறியாத பதினெட்டு வயதுப் பிள்ளை அதே டப்பாவை வாங்கித் தின்று, முப்பதாம் நாள் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "நமக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று குமைகிறான். பொடி போதாது என்று ஊசிக்குப் போகிறவர்களும் உண்டு. ஆண்மைச் சுரப்பை ஒத்த மருந்துகளை வைத்தியர் சொல்லாமல் ஏற்றிக்கொள்வது இருதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். புத்திர பாக்கியத்துக்கே உலை வைக்கும். தேகத்தை வளர்க்கப் போய்த் தேகத்தையே பணயம் வைப்பது என்ன விவேகம்? பெற்றோர்கள் இவ்விஷயத்தில் கண்ணும் கருத்துமாக இருத்தல் அவசியம்.

தமிழ்நாட்டு உதாரணம் ஒன்று

விட்டதைத் தொடும் வித்தையை நேர்மையாகச் செய்து காட்டியவர் நம்மிடையே இல்லாமலில்லை. கடற்கரையை விட்டு வடக்கே வேலூருக்குப் போவோம். பளு தூக்குவதில் பெயர் பெற்ற அவ்வூரிலுள்ள சத்துவாச்சாரியைச் சேர்ந்தவர் சதீஷ் சிவலிங்கம். 2014-இல் கிளாஸ்கோ நகரில் நடந்த காமன்வெல்த் பந்தயத்தில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கப் பதக்கம் பெற்றார். பின்னர் தொடையில் காயமுற்றார். அடுத்த பந்தயத்துக்குள் உடம்பு தேறுமா என்று அவருக்கே சந்தேகம் எழுந்தது. ஆயினும் 2018-இல் ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் நகருக்குப் போய், 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கத்தையே கொண்டுவந்தார்.

அந்தக் கணக்கை நேயர்கள் கவனித்தார்களா? முன்னதைவிடப் பதினொரு கிலோ குறைவு. பதக்கமோ அதே தங்கம். திரும்பி வருகிறவன் பழைய உச்சத்தைத் தொட்டே தீர வேண்டும் என்பதில்லை. அன்றைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைப் பத்திரமாகத் தூக்கினால் போதும்.

ஆடவருக்கு மட்டுமன்று, இளையோருக்கு மட்டுமன்று

தசை வளம் ஆண்பிள்ளைகளின் சொத்து என்ற எண்ணம் நம் வீடுகளில் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. அப்படி எண்ணுகிறவர்கள் ஒருமுறை பாம்பனுக்குப் போய் வரலாம். அங்கே சின்னப்பாலம் முதலிய ஊர்களின் பெண்மக்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளின் அருகே கடலில் மூழ்கி, பாறைகளில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து, நனைந்த மூட்டைகளைக் கரை சேர்க்கிறார்கள். அவர்களுள் ஒருவரான லட்சுமி அம்மையாருக்கு 2015-இல் அமெரிக்காவிலுள்ள 'ஸீகாலஜி' ஸ்தாபனம், தீவுகளின் இயற்கை வளத்தைப் பேணுவோருக்கு வழங்கும் தன் பரிசை அளித்துக் கௌரவித்தது.

பெண்களின் தசைக்கும் ஞாபகம் உண்டு என்பதை 1991-இலேயே அமெரிக்காவில் ஸ்டாரன் என்பவரும் சகாக்களும் காட்டியிருக்கிறார்கள். இருபது வாரம் பளு தூக்கிப் பயின்ற பெண்கள் முப்பது வாரத்துக்கு மேல் பயிற்சியை அடியோடு விட்டார்கள். மீண்டும் ஆறே வாரம் பயின்றதில், பழைய பலத்தையும் தசை இழைகளின் பருமனையும் விரைவாக மீட்டார்கள். பிரசவத்தையும் குழந்தை வளர்ப்பையும் முன்னிட்டுத் தேகப் பயிற்சியைக் கைவிட்ட நம் சகோதரிகள் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

முதியோர் விஷயம் இதைவிட முக்கியமானது. ஐம்பது வயதுக்கு மேல் தசை தானாகவே தேயத் தொடங்குகிறது. விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் அபாயம் அதனால்தான் பெருகுகிறது. 1990-இல் போஸ்டன் நகரில் ஃபியாட்டரோன் என்னும் வைத்திய அம்மையார், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குப் பளுப் பயிற்சி அளித்தார். அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்தில் அந்தப் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்பதும் உண்மை. ஆகவே, கிழவருக்கும் வளரும். ஆனால் அவர் நீண்ட விடுமுறை எடுத்துக்கொள்ளலாகாது. இளமையில் சேர்த்து வைத்தவருக்கு முதுமையில் செலவுக்குக் கைப்பொருள் இருக்கும்.

திரும்பி வருகிறவர்களுக்குச் சில யோசனைகள்

தசை விரைவாகத் திரும்புகிறது என்றதும், முதல் நாளே பழைய பாரத்தைத் தூக்கப் போவது பெரும் பிசகு. தசையை எலும்புடன் பிணைக்கும் நாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை பலப்படுவதற்குத் தசையைக் காட்டிலும் அதிக காலம் பிடிக்கும். இரண்டாம் வாரத்தில் தோள் "தூக்கு, தூக்கு" என்று உற்சாகப்படுத்தும். முழங்கை மூட்டு மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ளலாகாது. விட்டதைத் தொட்டவர்கள் காயமுறுவது பெரும்பாலும் இந்த உற்சாகத்தினால்தான்.

முதல் வாரம் பழைய பாரத்தில் பாதியே போதும். வாரம் இரண்டு மூன்று தினங்கள். ஒவ்வொரு வகைப் பயிற்சியிலும் ஒன்று அல்லது இரண்டு சுற்று. தண்டாலும் பஸ்கியும் பழகினவர்கள் அவற்றின் எண்ணிக்கையையும் இவ்வாறே பாதியாக்கிக்கொள்ளலாம். மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாகப் பழைய நிலைக்கு வரலாம். பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் உடம்பு வலிப்பது இயற்கை. ஆனால் தசை வீங்கி, பொறுக்க முடியாதபடி வலித்து, சிறுநீர் கறுத்த தேயிலைத் தண்ணீர் போல் இறங்குமாயின் அது விளையாட்டன்று. அளவுக்கு மிஞ்சிய வேலையால் தசை சிதைந்து, அதன் கழிவு மூத்திர கோசத்தை அடைத்துக்கொண்டிருப்பதற்கு அதுவே அறிகுறி. உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும். இராமநாதபுரத்துக் கோடை போன்ற வெயிலில் இந்த அபாயம் இன்னும் அதிகம். காலையிலோ மாலையிலோ பயிலுங்கள். மோரும் தண்ணீரும் தாராளமாக அருந்துங்கள். இரத்த அழுத்தம், இருதய நோய், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குவது முறை.

ஆகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண மனிதனுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-இல் வகுத்தது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 50 கிராம். பளுப் பயிற்சி செய்வோருக்கு ஒன்றரை கிராம் வரை பயன்படும். நூறு கிராம் மீனில் ஏறக்குறைய இருபது கிராமும், ஒரு முட்டையில் ஆறு கிராமும், நூறு கிராம் துவரம் பருப்பில் இருபது கிராமுக்கு மேலும் புரதம் உண்டு. மீனவர் வீட்டுச் சாளைக் குழம்பும், மரக்கறி உண்போர் வீட்டுப் பருப்பும் சுண்டலும் தயிரும் செய்யாத எந்த அற்புதத்தையும் டப்பாப் பொடி செய்துவிடப் போவதில்லை. நல்ல தூக்கம் இவற்றுக்குத் துணை.

வைத்தது வீண் போகாது

தென் ஜில்லாக் கிராமங்களில் இளவட்டக் கல் தூக்கும் வழக்கம் இருந்ததை நேயர்கள் அறிவார்கள். குந்தி அமர்ந்து கல்லை அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, மார்புக்கு ஏற்றி, தோளுக்கு ஏற்றிப் பின்னால் தள்ளுவான் வாலிபன். பெண் கொடுக்கும் மாமனார் அதைக் கண்டு மகிழ்வாராம். கல்யாணம் முடிந்த பிறகு அந்தக் கல்லை யார் திரும்பிப் பார்த்தார்கள்? கல் ஊர்ப் பொதுவிடத்தில் கிடந்தது. தூக்கியவனின் தோளும் நாளடைவில் சுருங்கிற்று. ஆனால் அந்தத் தோளுக்குள் அவன் பட்ட பாட்டின் குறிப்பு அழியாமல் எழுதப்பட்டிருந்தது என்றே இன்றைய விஞ்ஞானம் நம்மை எண்ணச் செய்கிறது.

செல்வத்தைச் சேர்த்தால் திருடன் கொண்டுபோகலாம். நிலத்தைச் சேர்த்தால் வழக்கில் போகலாம். உடம்பில் உழைத்துச் சேர்த்தது கண்ணுக்கு மறைந்தாலும் கணக்கில் நிற்கிறது. அதைத் திரும்பப் பெறுவதற்கு மந்திரமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். விட்ட இடத்துக்குச் சற்று முன்பாகவே போய் நின்று, பொறுமையுடன் மறுபடி தொட்டால் போதும். பரீட்சையோ பிரசவமோ நோயோ எது குறுக்கிட்டிருந்தாலும், பரணில் கிடக்கும் கர்லாக்கட்டையைத் தூசி தட்டி எடுக்க இன்றைக்கும் நல்ல நாள்தான்.